அண்ணனுக்கு மண்டை, தம்பிக்குக் குடல்

அன்றைக்கு அந்த வேனில் இருந்தவர்கள் மொத்தம் எட்டுப் பேர். முன்னால் டிரைவர், அவருக்குப் பக்கத்தில் என் அப்பா. நடு வரிசையில் அப்பாவின் அக்கா, என் மனைவி, இருவருக்கும் நடுவில் தம்பிக்குப் பேசி வைத்திருந்த பெண். பின் வரிசையில் பெண்ணின் அப்பாவும் நானும். கதவை ஒட்டிய மடக்கு சீட்டில் தம்பி. இவர்களைத் தவிர மந்தாரை இலையில் கட்டிய இட்லி ஒரு கூடை, புளிசாதம் ஒரு தூக்கு, கடற்கரையில் விரிப்பதற்கு ஒரு கோரைப்பாய்.

சென்னைக்கு டாக்டரைப் பார்க்கப் போகிறவர்கள் யாராவது பாய் எடுத்துக்கொண்டு போவார்களா என்று கேட்கலாம். அந்த டாக்டரம்மா தம்பியிடம் சொல்லி அனுப்பியது இவ்வளவுதான்: “அடுத்த தடவை வரும்போது குடும்ப விவரம் தெரிஞ்ச பெரியவங்க ஒருத்தரைக் கூட்டிட்டு வாங்க.” ஒருத்தர் என்றால் அது எங்கள் அத்தைதான். அம்மா போன பிறகு வீட்டை நடத்துகிறவர் அவர். அத்தை போனால் அப்பா மட்டும் வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வார்? பெண் வீட்டுக்கும் சேதி போயிற்று. “நானும் வரேன், டாக்டர் வாயால கேட்டுக்கினு அப்புறமா நிச்சயத்துக்கு நாள் பாக்கலாம்” என்று பெண்ணின் அப்பா சொல்லி அனுப்பினார். அவர் வந்தால் பஸ்ஸில் இடித்துக்கொண்டு போக முடியுமா? வேன் பேசியாயிற்று. வேன் பேசிவிட்டால் சீட்டைக் காலியாக ஓட்டுவது எங்கள் வழக்கத்தில் கிடையாது. பெண் கடலைப் பார்த்ததில்லை என்றாள். பாய் அப்படித்தான் வந்தது.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்த சமயம் அது. தம்பிக்கு அதற்கு முன்பே வயிற்றில் தொல்லை தொடங்கியிருந்தது. அடிக்கடி வலி, ஓயாமல் கொல்லைப்பக்கம் ஓட்டம், ரத்தமாகவும் போகும். சூடு என்றார் ஒருவர். மூலம் என்றார் இன்னொருவர். வெந்தயம், மோர், இளநீர் என்று அத்தை அவனுக்குள் ஒரு குளத்தையே ஊற்றினார். கடைசியில் சென்னையில் குழாய் விட்டுப் பார்த்து, பெருங்குடலில் புண் என்று கண்டுபிடித்தார்கள். கிருமியால் வந்ததில்லை, உடம்பே தன் குடலோடு மல்லுக்கு நிற்கிற நோய். முழுக்கப் போகாது, ஆனால் மாத்திரையால் அடக்கி வைக்கலாம் என்றார்கள். அடங்கித்தான் இருந்தது. தம்பி தறியில் உட்கார்ந்தான், கோயில் திருவிழாவுக்குப் போனான், உடம்பு தேறினான். ஒரே ஒரு பழக்கம் மட்டும் மிஞ்சியது. எந்த வண்டியில் ஏறினாலும் கதவை ஒட்டித்தான் உட்காருவான். காஞ்சிபுரத்திலிருந்து சென்னை வரை எந்தப் பெட்ரோல் பங்கில் கக்கூஸ் சுத்தமாக இருக்கும், எந்த ஓட்டலில் சாவி கேட்டால் முறைப்பார்கள் என்று அவனுக்கு மனப்பாடம்.

என் கதை வேறு. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். படிப்பு வராமல் இல்லை. பரீட்சை அன்றைக்குக் காலையில் வாந்தி எடுப்பேன், கை நடுங்கும், மூச்சு முட்டும். “இவனைத் தறியில உக்கார வையி, அது ஒண்ணும் இவனைக் கேள்வி கேக்காது” என்றார் அத்தை. உண்மைதான், தறி கேள்வி கேட்கவில்லை. ஆனால் நான் என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன். மழை வந்தால் தறியில் ஏற்றிய பாவு நூல் ஈரமாகிவிடுமே என்று பயம். வெயில் அடித்தால் இழை முறுகிவிடுமே என்று பயம். தம்பி சினிமாவுக்குப் போனால் தியேட்டர் தீப்பிடித்துவிடும். கல்யாணமான பிறகு என் மனைவி ஒருநாள், “நீ பயப்படறதைப் பாத்துப் பாத்து எனக்குத்தான் பயமா இருக்குது, கெளம்பு” என்று பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். அங்கே மனசு டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். காலி ஜரிகைப் பெட்டியில் அதைப் போட்டு வைத்தேன். அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. தெரிந்தால் தெருவில் என்ன பெயர் வைப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

மாத்திரை தெரியாதே தவிர, என் பயம் ஊருக்கே தெரியும். தம்பி எல்லாரிடமும் சொல்வான்: “எங்கப்பா சொத்தைக் கரெக்டா பிரிச்சுக் குடுத்துட்டாரு. அண்ணனுக்கு மண்டை, எனக்குக் குடல். எதுவுமே சரியா வேலை செய்யாது.”

அவன் சிரிப்பான். எனக்குச் சிரிப்பு வராது. “நீ கவலைப்பட்டுக் கவலைப்பட்டே அவன் வயித்தைக் கலக்கி வுட்டுட்டே” என்று அத்தை எப்போதோ விளையாட்டாகச் சொன்னதை நான் அப்படியே நம்பியிருந்தேன். அவன் சின்னவனாக இருந்தபோது எங்கே போனாலும் விழுந்துவிடுவாய், தொலைந்துவிடுவாய் என்று மிரட்டியவன் நான்தானே.

இப்போது அன்றைய பயத்துக்கு வருகிறேன். பெண்ணின் வீடு திருப்புட்குழி. அவர்களும் தறிக்காரர்கள்தான். தம்பியின் குடல் விஷயத்தை நாங்கள் முதல் நாளே சொல்லிவிட்டோம். என் விஷயத்தைச் சொல்லவில்லை. போன தடவை டாக்டரம்மா தம்பியிடம், “வீட்டுல யாருக்காவது மனச்சோர்வு, படபடப்பு, காரணமில்லாத பயம் அந்த மாதிரி இருக்கா?” என்று கேட்டிருக்கிறார். “எங்க அத்தையைக் கேட்டாத்தான் தெரியும்” என்று இவன் சொல்லிவிட்டு வந்திருக்கிறான். அதற்காகத்தான் பெரியவர் ஒருத்தரைக் கூப்பிட்டது. அதே கேள்வியைப் பெண்ணின் அப்பாவை எதிரில் வைத்துக்கொண்டு கேட்டால்? அண்ணன் பைத்தியத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறான் என்று தெரிந்தால் யார் பெண் கொடுப்பார்கள்? தம்பியின் குடலைக் கெடுத்தது போதாதென்று கல்யாணத்தையும் கெடுக்கப் போகிறேன் என்று ஆகிவிட்டது எனக்கு.

அத்தையைத் தனியாகப் பிடித்தேன். “டாக்டர் மனசைப் பத்திக் கேட்டா எதுவும் இல்லேன்னு சொல்லிடு அத்தே.”

“பொய் சொல்லச் சொல்றியா?”

“பொய் வேணாம். பேசாம இருந்துடு.”

“நானா?” என்றார் அத்தை. அவருக்கே சந்தேகம். இருந்தாலும் கற்பூரத்தை அடித்துச் சத்தியம் செய்தார்.

வேன் பொன்னேரிக்கரை தாண்டியபோது எனக்கு கேஸ் சிலிண்டர் ஞாபகம் வந்தது. மூடினோமா? மனைவி மூடியதாகச் சொன்னாள். மூடியதை நான் பார்க்கவில்லையே. ராஜகுளம் வரை அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை, மறுபடி வாய்விட்டுக் கேட்டுவிட்டேன்.

“இன்னா சார், திருப்பணுமா?” டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார். எங்கள் தெருக்காரர். என்னைப் பள்ளிக்கூடக் காலத்திலிருந்து தெரியும். “திருப்புன்னு ஒரு வார்த்தை சொல்லு. டீசல் தனிக் கணக்கு.”

“அடங்குடா. மூடியாச்சுன்னு சொல்றேன் இல்ல?” என்றாள் என் மனைவி. எல்லார் முன்னாலும் டா போட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அப்போது பக்கத்தில் இருந்த பெண்ணின் அப்பா என் தொடையைத் தட்டினார். “மாப்ள சொல்றது சரிதான். ஒரு தடவை பாத்துட்டு வந்துடறது நல்லது. நானும் கெளம்பும்போது பூட்டை நாலு தடவை இழுத்துப் பாத்துட்டுத்தான் வந்தேன்.” வேன் திரும்பியது. சிலிண்டர் மூடித்தான் இருந்தது. அவர் மட்டும் நிம்மதியாகத் தலையை ஆட்டினார். மற்றவர்கள் என்னைப் பார்க்காமல் சிரித்தார்கள்.

மறுபடி கிளம்பியதிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை அவர் ஒரே கதையைச் சொன்னார். பெண் தலையில் கை வைத்துக்கொண்டதைப் பார்த்தால், அவள் அதைத் தொட்டில் காலத்திலிருந்து கேட்டிருக்கிறாள் என்று தெரிந்தது.

தறியில் நீளவாக்கில் ஓடுகிற இழைகளைத்தான் பாவு என்போம். ஒரு பாவு ஏற்றினால் மூன்று சேலை நெய்யலாம். குறுக்கே ஓட்டுகிற ஊடையின் நிறத்தை மாற்றினால் மூன்று சேலையும் அக்கா தங்கைபோல இருக்கும், ஆனால் ஒன்றுபோல இருக்காது. அவர் நெய்த மூன்று சேலையிலும் ஒரே இடத்தில் மெல்லிசாகக் கோடு விழுந்திருக்கிறது. கூலி கொடுக்கிற முதலாளி அதைப் பார்த்துவிட்டு, நெசவு சரியில்லை, கூலியில் பிடிப்பேன் என்றாராம்.

“நான் சும்மா வுடுவேனா? கேட்டேன். மூணும் வேற வேற ஊடை. ஒண்ணு தை மாசம் நெய்ஞ்சது, ஒண்ணு பங்குனி. கோடு மட்டும் எப்படியா ஒரே எடத்துல வரும்? பாவுலயே இழை சாயத்துல வெந்து போய் வந்துருக்குது. பாவுல குறை இருந்தா அதுக்கு நெய்யறவன் பொறுப்பா?”

“இல்லைதான்” என்றார் முன்சீட்டிலிருந்து அப்பா. அவர் பேசுவதே அபூர்வம்.

“அப்படிச் சொல்லுங்க சம்பந்தி! சாயங்காலம் வரைக்கும் கடை வாசல்லயே குந்திக்கினேன். வர்றவன் போறவன் எல்லார்கிட்டயும் மூணு சேலையையும் விரிச்சுக் காட்டினேன். முழுக் கூலியும் வாங்கிக்கினுதான் எழுந்தேன். இன்னி வரைக்கும் அந்தப் பேச்சுலேர்ந்து நான் மாறலை.”

சுங்குவார்சத்திரத்தில் ஒரு தடவை, பூந்தமல்லிக்கு முன்னால் ஒரு தடவை தம்பிக்காக வேன் நின்றது. இரண்டாவது இடத்தில் அவன் இறங்கி ஓடியபோது பெண் அத்தையைத் தாண்டி ஜன்னலில் எட்டி, “இடது பக்கம் போங்க, அதுதான் நல்லா இருக்கும்னீங்களே!” என்று கத்தினாள். அவளுக்கு எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. நான் கேட்டுக்கொண்டேன், மனசுக்குள். இவர்கள் எங்கிருந்தோ போனில் பேசிக்கொள்கிறார்கள், அது வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்று அதற்கும் கவலைப்பட ஆரம்பித்தேன்.

டாக்டரம்மாவின் அறைக்குள் நாங்கள் ஏழு பேர் நுழைந்தோம். டிரைவர் மட்டும் வண்டியில். டாக்டரம்மா எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார்.

“நான் ஒருத்தரைத்தானே வரச் சொன்னேன்?”

“ஒருத்தருக்கு விட்டுப்போச்சுன்னா இன்னொருத்தர் சொல்வாங்கம்மா” என்றார் அத்தை.

முதலில் குடலைப் பற்றிக் கேட்டார். அத்தைக்கு உற்சாகம் தாங்கவில்லை. எங்கள் தாத்தாவின் தம்பிக்கு இதேபோல ரத்தமாகப் போனது, அவர் கல்யாண வீடுகளுக்கே போகாதது, அத்தைக்கு வாயு, வாயுவுக்கு அத்தை செய்யும் கஷாயம். கஷாயத்தின் பக்குவத்துக்கு வந்தபோது டாக்டரம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

“சரிம்மா. மனசு சம்பந்தமா யாருக்காவது ஏதாவது? ரொம்ப நாள் சோர்வா இருக்கறது, பயம், படபடப்பு?”

அத்தை முந்தானையை எடுத்து வாயை மூடிக்கொண்டார்.

சத்தியத்தைக் காப்பாற்றினார், அதைச் சொல்ல வேண்டும். ஆனால் அதுவரை அருவி மாதிரிக் கொட்டியவர் திடீரென்று வாயைப் பொத்திக்கொண்டு கூரையைப் பார்த்தால், எதிரில் இருப்பவர்களுக்கு என்ன தோன்றும்? டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். பெண்ணின் அப்பா அத்தையைப் பார்த்தார், பிறகு அப்பாவை, பிறகு என்னை. எனக்குப் பரீட்சை ஹால் வந்துவிட்டது. நெஞ்சு தறி மாதிரி அடித்தது, காதில் கேட்டது. மூச்சை இழுத்தால் பாதியில் நின்றது.

“மாத்திரை சட்டைப் பையில இருக்குது பாரு” என்றாள் என் மனைவி, நிதானமாக. பெண் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள்.

அவ்வளவுதான், ஆயிற்று.

“இன்னா மாத்திரை அது?” என்றார் பெண்ணின் அப்பா.

ஏதாவது பொய் கிடைக்குமா என்று தேடிப் பார்த்தேன். பொய் சொல்லவும் ஒரு தைரியம் வேண்டும். “பயத்துக்கு மாமா” என்றேன். “மனசு டாக்டர்கிட்ட வாங்கறேன்.”

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். டாக்டரம்மா மட்டும், நான் ஊரின் பெயரைச் சொன்னதுபோல அதை எழுதிக்கொண்டார். “நல்லது. ஒழுங்கா சாப்பிடறீங்களா? நிறுத்திடாதீங்க” என்றார்.

அப்போது அப்பா தொண்டையைக் கனைத்தார். “எனக்கும் இருந்துதும்மா. இவன் தம்பி பொறந்த வருஷம். தறி முன்னாடி உக்காருவேன். ஊடை ஓட்டற நாடாவை எடுக்கக் கை வராது. ஐப்பசியிலேர்ந்து பொங்கல் வரைக்கும் ஒரு முழம் நெய்யலை.”

“மஞ்சள் காமாலைன்னு ஊரெல்லாம் சொன்னேன்” என்றார் அத்தை, முந்தானையை எடுத்துவிட்டு. அப்பாவே பேசிய பிறகு சத்தியம் செல்லாது என்று அவரே தீர்மானித்துக்கொண்டார். “கீழாநெல்லிகூட அரைச்சுக் குடுத்தேன், யாருக்கும் சந்தேகம் வரக் கூடாதுன்னு.”

நான் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது வருஷமாக எனக்கு மஞ்சள் காமாலை வந்துவிடும் என்று கண்ணாடியில் கண்ணை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான்.

டாக்டரம்மா அன்றைக்குச் சொன்னதை என்னால் முடிந்தவரை எழுதுகிறேன். “குடல் நோயும் மனசு நோயும் ஒரே குடும்பத்துல வர்றதை நாங்க பார்க்கறோம். ஒருத்தருக்குக் குடல்ல, இன்னொருத்தருக்கு மனசுல, சில பேருக்கு ரெண்டுலயும். அப்பா அம்மாகிட்டேருந்து வர்ற மரபணுவுல ஏதோ கொஞ்சம் ரெண்டுக்கும் பொதுவா இருக்கலாம். ஆராய்ச்சி பண்ணிட்டிருக்காங்க. இப்போதைக்கு இதுதான்னு உறுதியா என்னால சொல்ல முடியாது.”

“அப்போ...” தம்பியைப் பார்க்காமல் கேட்டேன். “என் கவலையால அவனுக்கு வரலையா?”

“உங்க கவலை உங்களோடது. அது அவர் குடலுக்குள்ள போய்ப் புண்ணாக்காது.”

உடனே தம்பி, “அப்போ என் வியாதியாலதான் அண்ணனுக்கு மண்டை கெட்டுப்போச்சுன்னு...” என்று ஆரம்பித்தான். முகத்தில் சிரிப்பு இருந்தது. ஆனால் அவன் கேட்டது விளையாட்டாக இல்லை. அவனும் இத்தனை வருஷமாக இதைத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறான் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

“அதுவும் இல்லை” என்றார் டாக்டரம்மா. “உங்க மனசு கலங்கினா உங்க வயிறு கொஞ்சம் மோசமாகலாம். உங்க வயிறு மோசமானா உங்க மனசு சோர்ந்து போகலாம். ரெண்டும் பேசிக்கும். ஆனா நீங்க அவரைக் கெடுக்கலை, அவர் உங்களைக் கெடுக்கலை.”

“ஒரே பாவு” என்றார் அப்பா, தனக்குத்தானே சொல்வதுபோல.

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. பெண்ணின் அப்பாவுக்குப் புரிந்தது. அவரால் சும்மா இருக்க முடியுமா? நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு, மூன்று சேலை, வெந்த இழை, ஒரே இடத்தில் கோடு என்று மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு பார்ப்பதை விட்டுவிட்டுக் கேட்க ஆரம்பித்தார்.

“ஒரு இழை இல்லைங்க” என்றார் டாக்டரம்மா முடிவில். “நிறைய இழைங்க, ஒவ்வொண்ணுலயும் கொஞ்சம் கொஞ்சம். அப்படி இருக்கறவங்க எல்லாருக்கும் அறுந்துடும்னும் இல்லை. இந்த மாதிரி இழை சிலது எல்லார் பாவுலயும் இருக்கும். உங்க பாவுலயும்தான்.”

“எங்க பாவுலயா?” அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“ஏம்பா, நீ மட்டும் இன்னாவாம்?” என்றாள் பெண். அறைக்குள் வந்ததிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான். “பூட்டை நாலு தடவை இழுக்கறே. அப்புறம் தெருமுனையிலேர்ந்து திரும்பி வந்து இன்னொரு தடவை இழுக்கறே.”

“அது பத்திரம்மா. அது வேற.”

டாக்டரம்மா சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு எங்களால் அடக்க முடியவில்லை. பெண்ணின் அப்பா மட்டும் சிரிக்காமல், “பசங்களுக்கு வருமா?” என்று கேட்டார்.

“வரலாம், வராமலும் இருக்கலாம். பெரும்பாலும் வர்றதில்லை. மத்தவங்களைவிட வாய்ப்பு கொஞ்சம் கூட, அவ்வளவுதான். வேற ஏதாவது கேக்கணுமா?”

“அவரு மிளகா பஜ்ஜி சாப்பிடலாமா?” என்றாள் பெண்.

“இப்ப எதுக்கு பஜ்ஜி?” என்றார் அவள் அப்பா.

“கடல்கிட்ட வாங்கித் தரேன்னு சொன்னாரு. அவரு சாப்பிடாம நான் மட்டும் எப்படிச் சாப்பிடறது?”

“எப்போ சொன்னாரு?”

பெண் குனிந்துகொண்டாள். தம்பி சுவரில் மாட்டியிருந்த குடல் படத்தை உற்றுப் பார்த்தான். என் மனைவி என்னைக் கிள்ளினாள். “அவர் மிளகாயை எடுத்துட்டு மாவை மட்டும் சாப்பிடட்டும்” என்று தீர்ப்புச் சொன்னார் டாக்டரம்மா.

கடற்கரையில் பாயை விரித்தோம். இட்லி இலையைப் பிரித்ததும் மிளகும் சுக்கும் நெய்யும் வாசனை வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த குடும்பம் எட்டிப் பார்த்தது. அத்தை அவர்களுக்கும் ஆளுக்கொரு துண்டு கொடுத்துவிட்டு எங்கள் குடும்பத்து வியாதிகளைச் சொல்லத் தொடங்கினார். தம்பியும் பெண்ணும் அலையில் நின்றார்கள். அலை வரும்போது அவள் கத்தினாள், அவன் பிடித்துக்கொண்டான், அலை போன பிறகும் பிடித்துக்கொண்டிருந்தான். வழக்கமாக இருந்தால் இருவரையும் கடல் கொண்டுபோய்விடும் என்று நான் எழுந்து ஓடியிருப்பேன். அன்றைக்கு எழுந்திருக்கவில்லை. எனக்கு வேறு பயம் இருந்தது. பெண்ணின் அப்பா டாக்டர் அறையை விட்டு வந்ததிலிருந்து கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வேட்டியை மடித்துக் கட்டி, ஈர மணலில் நின்று கடலை முறைத்துக்கொண்டிருந்தார்.

அப்பா மெதுவாக அவர் பக்கத்தில் போய் நின்றார். நானும் பின்னால் போனேன்.

“ஆனாலும் சம்பந்தி” என்றார் அப்பா, ரொம்ப சாதுவாக, “பாவுல குறைன்னு தெரிஞ்சா, சேலையைத் திருப்பித்தானே குடுப்பாங்க?”

“எவன் திருப்புவான்?” அவர் சட்டென்று திரும்பினார். “பாவுக் குறைக்கு நெய்ஞ்சவனைப் பிடிக்கறது எந்த ஊரு நியாயம்? நான் இருக்கறப்ப எவன் திருப்பறான்னு பாக்கறேன்!”

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. அப்பா கடலைப் பார்த்தார். என் அப்பாவுக்கு இப்படி ஒரு சூழ்ச்சி வரும் என்று எனக்கு அன்றுவரை தெரியாது.

பெண்ணின் அப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார். “ஏன் மாப்ள, அந்த மாத்திரை... பூட்டுக்கும் கேக்குமா?”

“எனக்கு கேஸுக்கே இன்னும் சரியாக் கேக்கலை மாமா” என்றேன்.

அவர் சிரித்த சிரிப்பில் அலையில் நின்ற இரண்டு பேரும் திரும்பிப் பார்த்துக் கையை விட்டார்கள். “விடாதே, பிடிச்சுக்கோ! தை மாசத்துல நாள் பாத்துடலாம்!” என்று அவர் அங்கிருந்தே கத்தினார். என் மனைவி மணலில் உட்கார்ந்து அழுதாள். அத்தை பக்கத்துக் குடும்பத்துக்கு இரண்டாவது இட்லி கொடுத்தார். தம்பி தன் பஜ்ஜியிலிருந்து மிளகாயை உருவி என் கையில் வைத்தான். “மாவு எனக்கு, மிளகா உனக்கு. இதையும் பிரிச்சாச்சு” என்றான். அந்தக் காரமான மிளகாயைத் தின்றுவிட்டு நான் சிரித்த மாதிரி அதற்கு முன்னால் எப்போதும் சிரித்ததில்லை.

தையில் கல்யாணம் நடந்தது. பெண்ணின் முகூர்த்தச் சேலையை நான்தான் நெய்தேன். அதே பாவில் மிச்சம் இரண்டில் ஒன்று என் மனைவிக்கு, இன்னொன்று அத்தைக்கு. தம்பிக்கு அதற்குப் பிறகும் சில தடவை குடல் கிளம்பியது, அடங்கியது. எனக்கும் அப்படித்தான். இப்போது அவன் மகள் கல்லூரியில் படிக்கிறாள். ஒருநாள் போனை என் முகத்துக்கு நேரே நீட்டி, “பெரியப்பா, ஏராளமான பேரோட மரபணுவை ஒப்பிட்டுப் பாத்திருக்காங்க. குடல் நோய்க்கும் மனச்சோர்வு, பதட்டம் இதுக்கெல்லாத்துக்கும் சில இடங்கள் பொதுவா இருக்குதாம்” என்றாள். பாதிதான் எனக்குப் புரிந்தது. அந்த விஷயம் எனக்குப் பழையது, எங்கள் வீட்டில் கடற்கரையிலேயே தீர்ந்துபோன வழக்கு. இருந்தாலும் அவளைத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். பிறகு அவளுக்கு வந்துவிடுமோ என்று ஒரு வாரம் கவலைப்பட்டேன். பிறகு அவளிடமே சொன்னேன். “வந்தா பாத்துக்கலாம் பெரியப்பா, நீங்க மாத்திரை போட்டீங்களா?” என்றாள். இப்போது எங்கள் வீட்டு மாத்திரை எதுவும் ஜரிகைப் பெட்டியில் இல்லை. எல்லாம் சாமி படத்துக்குக் கீழே, திறந்த தட்டில்.

ஒரு விஷயம் பாக்கி. அன்றைக்குத் திரும்பி வந்து இறங்கியபோது வேன் வாடகைக்கு இரண்டு சம்பந்திகளும் சண்டை போட்டார்கள். நான் கொடுக்கிறேன், நான்தான் கொடுப்பேன் என்று ஒருவர் கையை ஒருவர் தள்ளினார்கள். கடைசியில் பேசிய வாடகையை அப்பா கொடுத்தார். ராஜகுளத்திலிருந்து திரும்பிய டீசலையும் கடற்கரையில் காத்திருந்ததையும் சேர்த்து வரும் மிச்சத்தைப் பெண்ணின் அப்பா கொடுத்திருப்பார் என்று நாங்கள் நினைத்தோம். நாங்கள் கொடுத்திருப்போம் என்று அவர் நினைத்தார். கல்யாணத்தன்றுதான் டிரைவர் பந்தியில் உட்கார்ந்துகொண்டு சிரித்தபடி சொன்னார். அன்றிலிருந்து நான் பணத்தை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் அலைகிறேன்.

“வெச்சுக்கோப்பா. பாக்கி இருந்தாத்தானே உன் தம்பி பொண்ணு கல்யாணத்துக்கும் என் வேனையே கூப்பிடுவே? அதுவுமில்லாம, இதையும் வாங்கிட்டா அப்புறம் கவலைப்பட நீ எங்க போவே?” என்பார் அவர்.

வாங்க மாட்டேன் என்கிறார். இன்றுவரை நாங்கள் அவருக்குத் தர வேண்டியது நானூற்று ஐம்பது ரூபாய்.